நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை

சுதந்திரத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது. நாட்டுக்குக் கொடி இல்லை. அதற்கென்று ஏழு பேர் கொண்ட குழுவைப் போட்டிருந்தார்கள். அவர்கள் பேசுவதையெல்லாம் குறித்து அடித்துக் கொடுக்கும் வேலை டைப்பிஸ்ட் பெண்ணுக்கு. காதைத் திறந்து வைக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது.

பச்சையும் நீலமும் என்பதில் தகராறு இல்லை. பச்சை மலைநாட்டுக்கு, நீலம் கரையோரத்துக்கு. எது மேலே என்பதில்தான் குடுமிப்பிடிச் சண்டை. பச்சையை மேலே வைத்தால் கரையோரத்துப் படகுக்காரர் எழுந்து நிற்பார். “அப்ப நாங்க உங்க காலடியிலயா?” நீலத்தை மேலே வைத்தால் மலைநாட்டு வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அன்றைய கூட்டம் அத்தோடு முடிந்தது.

ஒவ்வொரு முடிவுக்கும் மாதிரிக் கொடி தைத்துக் கொடுத்தது டைப்பிஸ்டின் அண்ணி. ஆஸ்பத்திரிக்குத் திரைச்சீலையும் நர்சுகளுக்குச் சீருடையும் தைக்கிறவள். ஐந்தாவது மாதிரியும் திரும்பி வந்த அன்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏழு பேர்ல ஒருத்தராவது இதைத் தூரத்துல நின்னு பாத்தாங்களா?”

“மேசை மேல விரிச்சுத்தான் பாக்கறாங்க, அண்ணி.”

“கொடி என்ன மேசை விரிப்பா?”

மறுநாள் காலை அண்ணியே ஆறாவது மாதிரியோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். நிறங்களை மேலும் கீழுமாக வைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்திருந்தாள். இரண்டுக்கும் நடுவே, யாருமே கேட்காத ஒரு வெள்ளைப் பட்டை.

குழுத் தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதி புருவத்தைத் தூக்கினார். “வெள்ளை யாரோட நிறம்? இதை வைக்கச் சொன்னது யாரும்மா?”

அண்ணி அசரவில்லை.

“யாரோடதும் இல்லைங்க. கொஞ்சம் தெருவுக்கு வரீங்களா? சொல்றதைவிடப் பாத்தாப் புரியும்.”

பழைய மாதிரி ஒன்றையும் புதியதையும் கழிகளில் கட்டி மாடிச் சுவரில் நிறுத்தினாள். பிறகு அந்த ஏழு பெரிய மனிதர்களையும் தெருக்கோடி மருந்துக்கடை வரை நடத்திக்கொண்டு போனாள். குறிப்பேட்டை அணைத்தபடி டைப்பிஸ்டும் பின்னாலேயே ஓடினாள்.

மேகம் மூடிய காலை. திரும்பிப் பார்த்தால், பழைய கொடியில் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. ஏதோ இருட்டாக ஒரு துணி ஆடியது. பக்கத்தில் புதுக்கொடியில் இரண்டும் பளிச்சென்று தனித்தனியாக நின்றன.

“ஒண்ணோட ஒண்ணை ஒட்டிட்டா ரெண்டுமே காணாமப் போயிடுது,” என்றாள் அண்ணி. “நடுவுல கொஞ்சம் இடம் விட்டேன். அவ்வளவுதான்.”

படகுக்காரர் அப்போதும் விடவில்லை. “சரி, கம்பத்தை ஒட்டி எது வரும்?”

“எதை வேணா வைங்க. ஆனா ஒண்ணு. கம்பத்துப் பக்கம் அப்படியே இருக்கும். காத்துல அடிபடற அந்தக் கடைசி ஓரம்தான் முதல்ல கிழியும். அங்க மட்டும் நாலு வரிசை தையல் போட்டிருக்கேன்.”

சண்டை இனிமேல்தான் என்று டைப்பிஸ்ட் பென்சிலைத் தயாராகப் பிடித்தாள். படகுக்காரர் படபடக்கும் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அந்த ஓரம் எங்களுக்கு,” என்றார். “காத்துல அடிபட்டே பழகினவங்க நாங்க. பச்சை கம்பத்தைப் பிடிச்சுக்கட்டும்.”

படகுக்காரரின் கையைப் பிடித்த வாத்தியார் அலுவலகம் வந்து சேரும்வரை விடவே இல்லை.

அன்று மாலை கொடியின் விளக்கம் தயாரானது. வெள்ளைக்கு மட்டும் தூய்மை, அமைதி, உண்மை என்று நீதிபதி மூன்று வரி சொன்னார். அவருக்கே மனசு ஒப்பவில்லை. “உங்க அண்ணி என்னம்மா சொன்னாங்க?”

முதல் தடவையாக அந்த அறையில் டைப்பிஸ்ட் வாயைத் திறந்தாள். குறிப்பேட்டிலிருந்து அப்படியே படித்தாள். நீதிபதி மூன்று வரியையும் நீக்கிவிட்டு ஒரே வரி போடச் சொன்னார்: ‘வெள்ளை, இரண்டும் தெரிவதற்காக.’

கொடி ஏறிய நாளில் மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. முன்னால் நின்ற ஒருவர் தோளில் இருந்த மகளிடம், “வெள்ளைன்னா சமாதானம்டா செல்லம்,” என்றார். டைப்பிஸ்டுக்குச் சுருக்கென்றது. திருத்தப் போனவளின் முழங்கையை அண்ணி பிடித்து இழுத்தாள்.

“விடு. அவர் சொல்றதும் நல்லாத்தான் இருக்கு.”

சொல்லிவிட்டு அண்ணாந்து, தையல் தாங்குகிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள்.