எண்பதுக்கு மேல்

படகுத்துறையில் அந்தப் பலகையை ஆணி அடித்து மாட்டியதே மீன்பிடி வழிகாட்டி ஆர்லன்தான். 'தண்ணீர் எண்பது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் மஸ்கி மீன் பிடிக்காதீர்கள்.' வெந்நீராய்க் கிடக்கும் ஏரியில் தூண்டிலோடு மல்லுக்கட்டிய மஸ்கி, பிடித்தவர் திரும்பத் தண்ணீரில் விட்டதும் ஜோராக நீந்திப் போகும். ஓரிரு நாளில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். இதைக் காதில் வாங்காமல் மீன் பிடிக்க வரும் சிகாகோ ஆசாமிகளோடு ஆர்லன் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

அந்த ஜூலையில் மஸ்கி பிடிக்கக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டது சிகாகோக்காரர் இல்லை, சொந்த அண்ணன் கோர்டி. ஈரலில் புற்று. வைத்தியர்கள் கைவிட்டாயிற்று.

"இலையுதிர் காலத்துல போலாம்ணே. தண்ணி குளிரட்டும்."

"அப்ப நீ போவ. நான் எங்கடா இருப்பேன்?"

"எண்பத்தி மூணு காட்டுது. மீன் செத்துரும்."

"கொல்லவாடா கேக்கறேன்? ஒரே ஒரு தடவை தொட்டுட்டு விட்டுரலாம். நான் போனப்புறமும் அது இங்க சுத்திக்கிட்டு இருக்கணும். அதைப் பாக்கறப்பல்லாம் என்னைத் திட்டிக்கோ."

வடக்கு மூலையில் ஏரிக்கடியில் குளிர்ந்த ஊற்று உண்டு. அண்ணனைப் படகில் அங்கே கூட்டிப்போய், ஆர்லன் தெர்மாமீட்டரை ஊற்றின் வாயருகே இறக்கினான். எழுபத்தெட்டு. வேறு யாராவது அப்படி அளந்திருந்தால் வாயில் வந்தபடி ஏசியிருப்பான். இன்றைக்கு அந்த எண்ணே போதுமென்று இருந்தது அவனுக்கு.

மீன் மாட்டியது. மாட்டியதும் ஊற்றை விட்டுச் சூடான நடு ஏரிக்கு இழுத்துக்கொண்டு ஓடியது. கோர்டியின் கைகளில் வலு ஏது? இழுபறி நீண்டுகொண்டே போனது. ஆர்லன் தூண்டில் கழிக்குக் கை நீட்டினான்.

"கையை எடுடா! இது என் மீன்."

எடுத்துவிட்டான். பிடுங்கியிருக்க வேண்டும், மனம் வரவில்லை.

கடைசியில் மீன் படகருகே வந்ததும், வலையோடு தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றினான். வாலில் பழைய கிழிசல் ஒன்று. கோர்டி அதன் முதுகை ஒருமுறை தடவினார். வால் அடித்து இருவரையும் நனைத்துவிட்டு மீன் ஆழத்துக்குப் போனது. ஈர முகத்தோடு கோர்டி சிரித்த சிரிப்பைப் பார்த்து, செய்தது சரிதான் என்று ஆர்லன் நம்பினான்.

மூன்றாம் நாள் காலையில் கோரைகளுக்கு நடுவே அது வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. வாலில் அதே கிழிசல். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் படுக்கை ஜன்னலிலிருந்து பார்த்தால் செத்த மீனுக்குக் கழுகு கூடுவது தெரியும். செவுளில் கயிறு கோத்து இழுத்துப்போய், கல்லைக் கட்டி ஆழத்தில் இறக்கினான். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினான்.

கோர்டி விழித்திருந்தார். "எங்கடா போன இவ்வளவு காலையில?"

"சும்மா ஒரு சுத்து. உன் ஆளைப் பாத்தேன்ணே. ஊத்துப் பக்கம். நல்லா கொழுகொழுன்னு சுத்திக்கிட்டு இருக்கு."

"வால்ல கிழிசல் இருந்துச்சா?"

"அதேதான்."

கோர்டி முகம் மலர்ந்தது. தண்ணீர் கேட்டார். ஆர்லன் தலையைத் தாங்கிப் பிடித்து, டம்ளரை உதட்டில் வைத்தான். ஒரு வாய் விழுங்கியவர் பாதியில் நிறுத்தினார். தம்பியின் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார்.

எத்தனை சோப்புப் போட்டாலும் செத்த மீனின் நாற்றம் போகாது. ஐம்பது வருஷம் அந்த ஏரியில் மீன் பிடித்தவருக்குத் தெரியாதா?

"கொழுகொழுன்னு இருந்துச்சா?" என்றார் மெல்ல.

"ஆமாண்ணே."

"சரிடா." கையை விட்டார். "அந்த ஜன்னல் திரையை இழுத்து மூடிட்டுப் போ."