திறக்காத நடுக்கதவு

என் மனுசன் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு இங்கிலாந்தில் ஒரு பழைய பிரபு மாளிகையைச் சுற்றிப் பார்த்ததிலிருந்து விசர் பிடித்துவிட்டது. கனடாவில், றிச்மண்ட் ஹில்லில் நாங்கள் கட்டிய வீடும் அப்படியே இருக்கவேண்டுமாம். நட்ட நடுவில் பெரிய கதவு, இரண்டு பக்கமும் தூண், இந்தப் பக்கம் எத்தனை யன்னலோ அந்தப் பக்கமும் அத்தனை. வாஸ்துக்காரரோ, வாசல் நடுவில் வரவே கூடாது, வடக்கு மூலையில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். மனுசன் பிரபுவையும் பகைக்கவில்லை, வாஸ்துக்காரரையும் பகைக்கவில்லை. உண்மையான வாசலை மூலையில் சின்னதாக வைத்தார். நடுவில் கறுப்புக் கதவு, பித்தளைக் கைபிடி எல்லாம் போட்டார். பின்னால் வெறும் சுவர்!

"அங்கையும் அழகுக்குப் பொய்க்கதவு வைச்சவங்களப்பா," என்று எனக்கு விளக்கம் வேறு.

புதுவீட்டுக் குடிபூரலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போன் எடுத்து, மூலைக் கதவால் வரச் சொன்னோம். பேபி அக்காவுக்கு மட்டும் சொல்ல முடியவில்லை. என் மகள் லக்சிகாவின் கலியாணத்தில் தன்னைப் பின்வரிசையில் இருத்திவிட்டேன் என்று கோபித்துக்கொண்டு போனவள், என் போனை எடுப்பதே இல்லை. கார்டை மட்டும் தபாலில் போட்டேன். ஊரே திரண்டு வந்தென்ன, என் கூடப்பிறந்தவள் வரவேண்டும் என்று மனம் கிடந்து துடித்தது.

பால் பொங்கியும் அவளைக் காணவில்லை. வடைத் தட்டோடு முன் யன்னலால் எட்டிப் பார்த்தேன். ஐயோ! பட்டுச்சேலையோடு தூண்களுக்கு நடுவில் நின்று அந்தப் பொய்க்கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

தட்டைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். அதற்குள் படியிறங்கத் தொடங்கிவிட்டாள்.

"எவ்வளவு நேரமாத் தட்டுறன். உள்ளுக்கை சிரிச்சுக் கதைக்கிறதும் கேக்குது. நான் வேண்டாமெண்டால் கார்ட் ஏன் அனுப்பினனி?" அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, உது கதவில்லை. சுவர்!"

"என்னை விசரி எண்டு நினைச்சியோ?"

"சத்தியமா! நீங்களே இழுத்துப் பாருங்கோ."

திரும்பப் படியேறி, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து இழுத்தாள். கைபிடி கழன்று கையோடு வந்தது. அக்கா படியில் பொத்தென்று இருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். இன்றோடு உறவு முடிந்தது என்று நினைத்தேன். பார்த்தால், அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

மனுசன் விழுந்தடித்து ஓடிவந்தார். "ஐயோ, லண்டனிலையிருந்து எடுப்பிச்ச கைபிடி!"

"இந்தாங்கோ தம்பி," என்று அதை அவர் கையில் வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து எழும்பினாள் அக்கா.

"பசிக்குதடி. உள்ளுக்கு எதாலை போறது?"

எனக்குச் சிரிப்பு நின்று அழுகை வந்துவிட்டது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.