கொப்பியில் இல்லாத ஒன்றரை அங்குலம்

1

ஒளிப்பானேன், இலவசச் சாப்பாட்டுக்காகப் போன இடத்தில்தான் இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. வெளிநாட்டில் கடை திறக்க விரும்பும் சிறு வியாபாரிகளுக்கான கருத்தரங்கு அது. “உங்கள் மனித மூலதனம் எங்கே?” என்று பேச்சாளர் கேட்டார். முன்வரிசையில் ஒரு தையற்கடை முதலாளி எழும்பி, “என்ரை கொப்பியிலை இருக்கு, சேர்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கொப்பியை எழுதியவள் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கு நான் றோஸி என்று பெயர் வைத்தேன்.

2

வெள்ளவத்தைக் கடலில் மாலைச் சூரியன் மெல்ல…

சீ, வேண்டாம். றோஸி இருபது வருடமாகக் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் வேலை செய்கிறாள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைத் தையற்கடைக்கு பஸ் பிடித்து வருவாள். ரொறன்ரோப் பெண்கள் டெலிபோனில் சொல்லும் பிளவுஸ் அளவுகளைக் கொப்பியில் எழுதுவாள். எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். யாருக்கு அரை அங்குலம், யாருக்கு ஒன்றரை கூட்டி வெட்டுவதென்று குரலைக் கேட்டே அவளுக்குத் தெரியும். கூட்டியதை மட்டும் எழுதமாட்டாள். பாவம், அதுகளின் மானம் என்பாள்.

3

“ரொறன்ரோவிலை கடை திறந்தால் முதல் விசா உமக்குத்தான்” என்று முதலாளி சவுந்தரநாயகம் பத்து வருடமாகச் சொல்லிவந்தார். திறக்கும் நாளும் வந்தது.

“அக்காவின்ரை மகன் நோபேட்டைத்தான் அனுப்பிறன், றோஸி. அவன் டிப்ளோமா முடிச்சவன். உமக்கு இங்கிலீஷும் கஷ்டம்தானே? கொப்பியை அவனிட்டைக் குடும்.”

(அவள் அலுமாரியில், புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய குளிர்க்கோட்டு ஒன்று எட்டு வருடமாகப் பூச்சி உருண்டையோடு கிடக்கிறது. அது மிகை, வெட்டிவிடு என்றார் கதையைப் படித்த ஒரு நண்பர். அதையும் வெட்டினால் அவளுக்கென்று என்ன இருக்கிறது?)

4

முடிவு ஒன்று: றோஸி கொப்பியைக் கொளுத்துகிறாள். படத்துக்குச் சரி.

முடிவு இரண்டு: முதலாளியின் முகத்துக்கு நேரே அவள் நியாயம்…

இல்லை, கேட்கமாட்டாள். நாளைக்கும் அதே கதிரையில் வந்து இருக்கவேண்டியவள்.

கொப்பியைக் கொடுத்துவிட்டாள். நோபேட் புரட்டிப் பார்க்கிறான். ரொறன்ரோக் கடையின் முதல் ஓடர், ஒரு கலியாணப் பொம்பிளையின் பிளவுஸ்.

“றோஸி அக்கா, எல்லாம் இதிலை இருக்குத்தானே?”

“ஓம்” என்றால், முன்பின் தெரியாத ஒரு பிள்ளை கலியாணத்தன்று கொழுக்கி பூட்டமுடியாமல் அழும். “இல்லை” என்றால், கையில் மிஞ்சியிருந்த ஒன்றையும் றோஸி சும்மா தூக்கிக் கொடுத்தவளாவாள். மூன்று தரம் எழுதினேன், மூன்று தரமும் வெட்டினேன்.

அவளுடைய பதிலை நீங்களே எழுதுங்கள். எழுதுமுன் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள். முதலாளி கேட்கவில்லை. குளிர்க்கோட்டைக்கூட எடுத்துக் கதையில் போட்ட நானும் கேட்கவில்லை.