ஒரு முழம், ஒரு சாண்

1

இந்தக் கதையைக் கேட்டு வாங்கியவர் என் அப்பா. ஆனால் அவர் கேட்டது கதை இல்லை, நாலு வரி.

"ஞாயித்துக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போறேன். அங்க போனா எனக்கு வாய் வராது. நாலு வரி எழுதிக் குடு, பார்த்துப் படிச்சுடறேன்."

"என்னன்னு எழுதணும்?"

"தப்பு என்னோடதுதான்னு."

நாலு வரிக்காக உட்கார்ந்தவள் பதினோராம் பக்கத்தில் இருக்கிறேன். தப்பு அப்பாவுடையது இல்லை என்பது உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அதை வாயால் சொல்ல முடியாததால்தான் இத்தனை பக்கம்.

(இந்த நோட்டு மற்ற நோட்டுகளோடு பழைய துணி மூட்டைக்குள் இருக்கும். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் யாரோ மூட்டையைப் பிரித்திருக்கிறார்கள்.)

2

முதல் தொடக்கம்: "அன்று மழை பெய்துகொண்டிருந்தது." மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "ஒரு டயர் கடையில் ஓர் அண்ணனும் தம்பியும் இருந்தார்கள்." இப்படி ஆரம்பித்தால் ஒருவர் நல்லவராகவும் ஒருவர் கெட்டவராகவும் இருந்தாக வேண்டும். எங்கள் கடையில் இரண்டு பேரும் நல்லவர்கள். அதுதான் சிக்கல். அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "காரின் கையேட்டில் நூற்று அறுபத்தெட்டாம் பக்கத்தில், மஞ்சள் முக்கோணத்துக்குக் கீழே, மூன்று வரிகள் இருந்தன. அவற்றைப் படித்த"

இது உண்மை. அதனால்தான் பாதியில் கை நின்றது. கை திரும்ப நகரும்வரை காரைப் பற்றி எழுதுகிறேன். காரைப் பற்றி எழுத எனக்குப் பயமில்லை.

3

பெரும்பாலான கார்களில் முன்சக்கரம் மட்டும் திரும்பும், பின்சக்கரம் இழுத்த இழுப்புக்கு வரும். சில கார்களில் நாலும் திரும்பும். ஆனால் எப்போதும் ஒரே மாதிரி திரும்பாது.

ஒரு பீரோவை இரண்டு பேர் மாடிப்படியில் தூக்கிப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். படி வளையும் இடத்தில் முன்னால் இருப்பவர் வலப்பக்கம் போனால் பின்னால் இருப்பவர் இடப்பக்கம் ஒதுங்குவார். அப்போதுதான் பீரோ சின்ன இடத்தில் வளையும். மெதுவாகப் போகும்போது கார் செய்வது அதுதான்: முன்சக்கரம் ஒரு பக்கம், பின்சக்கரம் எதிர்ப்பக்கம். நீளமான கார் குட்டிக் காரைப் போலத் திரும்பிவிடும்.

அதே பீரோவைத் தெருவில் ஓட்டமும் நடையுமாகத் தூக்கிப் போகும்போது ஒரு பள்ளம் வந்தால்? இரண்டு பேரும் ஒரே பக்கம்தான் ஒதுங்க வேண்டும், இல்லையென்றால் பீரோ சுழன்றுவிடும். வேகமாகப் போகும்போது நாலு சக்கரமும் ஒரே பக்கம் திரும்புவது அதனால்தான்.

(பீரோவின் இரண்டு முனையில் அப்பாவையும் சித்தப்பாவையும் நிறுத்தி உவமையாக்கலாம் என்று தோன்றியது. அசிங்கமாக இருந்தது. விட்டுவிட்டேன்.)

ஸ்டீயரிங்குக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் கம்பி எதுவும் ஓடுவதில்லை. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது, வண்டி என்ன வேகம் என்ற செய்தி ஒரு சின்னக் கம்ப்யூட்டருக்குப் போகும். அது சொன்னால் பின்னால் இருக்கும் மோட்டார் ஒரு தண்டைத் தள்ளும். செய்தி வரவில்லையென்றால் பின்சக்கரம் நேராக நின்றுகொள்ளும். கார் சாதாரணக் காராகிவிடும், அவ்வளவுதான். செய்தி போகாததால் அங்கே யாருக்கும் அடிபடாது.

4

இந்தக் கதையில் ஒரு பெண் வருகிறாள். அவள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

வயது பதினேழு. பத்தாம் வகுப்பில் பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். கண் படித்தது, தொண்டை திறக்கவில்லை. மறுநாள் அவள் போகவில்லை. அதற்கு மறுநாளும். இப்போது அப்பாவின் டயர் கடையில், எந்த வண்டிக்கு என்ன வேலை என்று ஜாப் கார்டு எழுதுகிறாள். எந்த வண்டிக்கு எவ்வளவு காற்று என்று பார்த்துச் சொல்கிறாள்.

ஒரு வரைவில் அவளுக்குத் தொண்டைக்கட்டு கொடுத்தேன். பேச முடியாததற்கு ஒரு காரணம் கிடைத்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று அவளுக்குத் தொண்டைக்கட்டு இல்லை. அடுத்த வரைவில் அவள் சொல்லத்தான் செய்தாள், காற்றடிக்கும் கம்ப்ரஸர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் அன்று கம்ப்ரஸரை அணைத்திருந்தார்கள்.

இனி அவளை அவள் என்று எழுதி அர்த்தமில்லை.

5

அன்று காலை பதினொரு மணிக்கு ஒரு நீளமான கறுப்புக் கார் வந்தது. நாலும் புது டயர் போடச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஓனர் போய்விட்டார். காற்று அளவு பார்க்க நான் கையேட்டை எடுத்தேன். பிளாஸ்டிக் உறை ஒட்டியபடியே இருந்தது. நான்தான் முதலில் கிழித்தேன். அளவு கிடைத்த பிறகும் படித்துக்கொண்டே போனேன். எது கையில் கிடைத்தாலும் அப்படித்தான்.

நூற்று அறுபத்தெட்டாம் பக்கம் இப்படிச் சொன்னது: குறைந்த வேகத்தில் பின்சக்கரங்கள் எதிர்ப்பக்கம் திரும்பும். வண்டியின் பின்பகுதி வழக்கத்தைவிட அதிகமாக வெளியே வரும். பக்கத்தில் சுவரோ ஆளோ இருந்தால் கவனம்.

எங்கள் கடை வாசல் குறுகல். சுவரை ஒட்டித்தான் காரை வெளியே எடுக்க முடியும். அப்பா ஓட்டுவார். சித்தப்பா சுவரில் முதுகைச் சாய்த்து, டிக்கியில் உள்ளங்கையை வைத்து, "வரட்டும், வரட்டும்" என்பார். முட்டிக்கும் பம்பருக்கும் நடுவில் ஆறு விரல் இடம். எந்தக் காரானாலும் வால் நாலு விரல்தான் வெளியே வரும் என்று அவர் கைக்குத் தெரியும். பதினெட்டு வருஷத்தில் ஒரு வண்டியிலும் கீறல் விழுந்ததில்லை.

நான் கையேட்டோடு ஆபீஸ் ரூம் வாசலில் வந்து நின்றேன். வாயைத் திறந்தேன். அதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

சித்தப்பா என்னைப் பார்த்துவிட்டார். நான் பேசாமல் தாளாகவே நீட்டுவதால் அவர் எனக்கு வைத்த பெயர் பிரின்ட்டர்.

"அண்ணே, இங்க பாரு. நம்ம பிரின்ட்டர் ஸ்டார்ட் ஆயிருச்சு."

"சும்மா இருடா, பாவம்."

"என்னம்மா, பேப்பர் மாட்டிக்கிச்சா? ரெண்டு தட்டு தட்டவா?"

அப்பாவும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சித்தப்பாவின் கேலியில் விஷம் இருந்ததே இல்லை. அதனால்தான் அதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

"முப்பத்தாறு," என்றேன்.

"அவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு நேரம் சூடாச்சு?"

காற்று அளவு அது. கையேட்டை உறைக்குள் போட்டுக் காரிலேயே வைத்தேன். இருபது நிமிஷம் கழித்து அப்பா ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துக் காரை மெல்ல நகர்த்தினார். சித்தப்பா கத்தினார்.

6

சித்தப்பாவின் முட்டி சுக்கலாகிவிட்டது. இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓனர் வந்து பம்பரைத் தடவிப் பார்த்தார், கீறல் இல்லை, எடுத்துக்கொண்டு போனார்.

நான் தினமும் சித்தப்பா வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன். அங்கே அப்பாவை உள்ளே விடுவதில்லை.

"நான் நில்லு நில்லுன்னு கத்தறேன், அவன் பாட்டுக்குப் போறான்," என்பார் சித்தப்பா. "வால் ஒரு சாண்* வந்துச்சும்மா. ஒரு சாண் வரணும்னா எவ்வளவு தூரம் ஓட்டியிருக்கணும்? எனக்குத் தெரியாதா?"

"வேணும்னு பண்ணலைன்னு சொல்லட்டும், ஒத்துக்கறேன்," என்பார் சித்தி. "பண்ணவே இல்லைன்னா எப்படி? அப்போ என் புருஷன் பொய் சொல்றாரா?"

கடைக்கு வந்தால் அப்பா. "ஒரு முழம். சத்தியமா ஒரு முழத்துக்கு மேல வண்டி நகரல. கத்தினதும் நிறுத்திட்டேன்."

இரண்டும் உண்மை. ஒரு முழம் போனால் ஒரு சாண் வரும் கார் அது. இருவருக்கும் நடுவில் இருப்பது கையேட்டின் ஒரு பக்கம்.

போன வாரம் அப்பா எங்கள் பழைய காரை அதே இடத்தில் நிறுத்தினார். சுவரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டார். ஸ்டீயரிங்கை ஒடித்து ஒரு முழம் நகர்த்திவிட்டு, இறங்கி அளந்தார். நாலு விரல். மறுபடியும். நாலு விரல். மத்தியானம் முழுக்க ஏறி இறங்கினார். ஒரு சாண் வரவைக்க ஒரு கெஜத்துக்கு மேல் ஓட்ட வேண்டியிருந்தது.

கடைசியில் தரையில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "அப்போ நான்தான் போயிருக்கேன். அவன் கத்தக் கத்தப் போயிருக்கேன். எனக்கு ஏன் ஞாபகம் இல்ல?"

நான் பக்கத்தில் சாக்பீஸ் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அவர் யாருடைய வண்டியையும் எடுப்பதில்லை. "நீங்களே எடுத்துட்டுப் போங்க," என்று சாவியை நீட்டிவிடுகிறார்.

* சாண் என்று எழுதும்போதெல்லாம் இடது கையை விரித்து நோட்டின்மேல் வைத்துப் பார்க்கிறேன். நோட்டின் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

7

முடிவு, ஒன்று. அப்பா கேட்டபடி நாலு வரி. அப்பா படிக்கிறார். சித்தி ஒத்துக்கொள்கிறார். சித்தப்பா, "விடுண்ணே," என்கிறார். அண்ணனும் தம்பியும் சேர்ந்துவிடுகிறார்கள். தம்பியின் காலைத் தெரிந்தே நசுக்கியவன் என்று அப்பா மிச்ச நாளெல்லாம் தன்னை நினைத்துக்கொள்வார். நான் சாப்பாட்டுக் கேரியரோடு போய் வருவேன்.

முடிவு, இரண்டு. நான் எழுதியதை எழுதியபடி அப்பா படிக்கிறார். "அந்தப் பக்கத்தை என் மகள் முன்பே" என்ற இடம் வந்ததும் அவர்

(இதற்கு மேல் ஏழு முறை முயன்றுவிட்டேன். சித்தப்பாவின் முகம் வரமாட்டேன் என்கிறது. கோபம் போட்டேன், பொருந்தவில்லை. அழுகை, பொருந்தவில்லை. ஒரு முறை அவர், "நான் அன்னைக்குக் கேலி பண்ணாம இருந்திருந்தா," என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தத் தாளைக் கிழித்தேன்.)

முடிவு, மூன்று. கார் வரவே இல்லை.

8

இன்று ஞாயிறு. அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"எழுதிட்டியா?"

தலையாட்டினேன். என்னிடம் மடித்த தாள் இரண்டு இருந்தது. ஒன்றில் அவர் கேட்டது. இன்னொன்றில் நூற்று அறுபத்தெட்டாம் பக்கமும், அதைப் படித்துவிட்டு நான் சொன்ன முப்பத்தாறும்.

ஒன்றை நீட்டினேன். எதைக் கொடுக்கிறேன் என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

"படிச்சுப் பாருங்கப்பா."

"இப்பப் படிச்சா அங்க போய்ப் படிக்க முடியாதும்மா." சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நீளமா இருக்கா?"

"இல்லப்பா."

"கூட வர்றியா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே, "வேணாம், நீ இரு," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போனார்.

எதைக் கொடுத்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கதை முடிந்துவிடும், நீங்கள் மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். இந்நேரம் சித்தி கதவைத் திறந்திருப்பார். அப்பா நின்றபடியே தாளைப் பிரித்திருப்பார். மிச்சமிருக்கும் தாள் மடித்தபடியே இதோ இந்தப் பக்கத்தில் செருகியிருக்கிறது. அதில் எது இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களோ விரும்புங்கள். ஆனால் கட்டிலில் கால் நீட்டிக் கிடக்கும் அந்த மனுஷரின் முகம் எப்படி மாறும் என்று முதலில் எனக்கு எழுதிக் காட்டுங்கள். அப்புறம் பிரியுங்கள்.