இரண்டு வலக்கைகள்

கப்புவாவில் எங்கள் பட்டறைப் புகை எழுந்தால் ரோமாபுரியில் இருப்பவன் இருமுவான். அப்பேர்ப்பட்ட உலையை மச்சான் ஸ்தேனியஸிடம் விட்டுவிட்டு, அத்திமர நிழலில் காலை நீட்டிப் படுத்திருப்பதே இப்போது என் வேலை. நான் வார்த்த வெண்கலத் தெய்வங்கள் மதியத் தூக்கத்தில் வந்து தலைமாட்டில் ஆடிவிட்டுப் போவார்கள்.

அன்று அவர்களை விரட்டியது ரொட்டிக்கடை வெசோனியாவின் குரல்.

அவள் வீட்டு அடுப்பருகே இரண்டு காவல் தெய்வங்கள். ஒருவர் வலக்கையில் மதுக்கொம்பைத் தூக்குவார், மற்றவர் இடக்கையில்; எதிரும் புதிருமாக ஆடுவார்கள். நிலநடுக்கத்தில் இடக்கைக்காரர் கிணற்றோடு போய்விட்டார். அவருக்குப் பதில் ஒருவரை வார்க்கச் சொன்னால், மச்சான் மிச்சமிருந்தவர் மேலேயே களிமண்ணை அப்பி, அச்செடுத்து, மெழுகிட்டு வார்த்துவிட்டான்.

"ரெண்டு பேரும் வலது கையத் தூக்கிட்டு, ஒருத்தர் முதுக ஒருத்தர் பாத்துட்டு நிக்கிறாங்க. தண்ணித் தொட்டிக்கு வரிசை நிக்கிற மாதிரி."

"ஒரு ஓட்டை இல்லாம வந்திருக்கு பாருங்கக்கா," என்றான் மச்சான்.

"ஓட்டை ஒந்தலையில. திரேபியஸ் அண்ணே, நாளைக்கு எம்மக பாக்குல்லாவுக்குக் கல்யாணம். சின்ன வயசுலேருந்து வெளையாடுன பொம்மையை இன்னிக்குச் சாயங்காலம் சாமிங்ககிட்ட ஒப்படைக்கணும். முகம் பாத்துக்காத சாமிங்ககிட்டக் குடுக்க மாட்டேங்குறா. குடுக்காம எப்படிக் கல்யாணம்?"

மறுபடி வார்க்கக் களிமண் காய வேண்டும். பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. எனக்கு யோசனை வருவது கண்ணை மூடினால்தான். மூடினேன். உருகிய வெண்கலம் ஏரியாகக் கிடந்தது. தெய்வம் அதன் கரையில் நின்று குனிந்து பார்த்தார். உள்ளேயிருந்தவர் இடக்கையைத் தூக்கினார்.

எழுந்து நேராக ரொட்டிக்கடைக்குப் போனேன். பாக்குல்லா முகம் பார்க்கும் வெண்கலக் கண்ணாடியைப் படிகக்கல்லைப் பொடித்துத் தேய்த்தேன். சூரியனே கண்ணைப் பொத்திக்கொண்டது. அதைப் பழைய தெய்வத்தின் எதிரே நிறுத்தி விளக்கேற்றினேன். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். சுடர் அசைய, ஆட்டம் தொடங்கியது.

பாக்குல்லா பொம்மையைக் கையில் வைத்தபடி நெடுநேரம் பார்த்தாள்.

"மாமா, உள்ள இருக்கிறவரு இன்னும் அழகா இருக்காரே."

"கிணத்துல குளிச்சிட்டு இப்பத்தானம்மா வர்றாரு."

சிரித்துவிட்டுப் பொம்மையைக் கீழே வைத்தாள். உள்ளேயும் ஒரு பொம்மை வந்து அமர்ந்தது.

மறுநாள் கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டுப் புருஷன் வீட்டுக்குப் போனாள். இப்போது தலை வாரியது சரியாக இருக்கிறதா என்று அவனிடம்தான் கேட்கிறாளாம். வெசோனியா ஒரு கிண்ணம் மது படைத்தால் இரண்டு கிண்ணம் குறைகிறது.

மச்சான் வார்த்தவர் என் அத்திமரத்தடியில் இருக்கிறார். கொம்பைத் தூக்கியபடி, நான் எப்போது தூங்குவேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.