எழுந்திருக்காதே, தாஷா

எங்கள் மகள் ரத்காவை அடக்கம் செய்த நாளிலிருந்து என் கணவன் மிலோஷ் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறான். பாத்திரம் கழுவும் தொட்டியருகே போய் நிற்பான். தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வான். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவான். நான் மேஜையில் தன்னந்தனியாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பேன்.

"உட்காரேன்டா" என்றால், "நாள் பூரா டிராம் ஓட்டுறவன் நான். உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பு போச்சு. நிக்க விடு" என்பான்.

நானும் மிலோஷும் செக் நாட்டின் பிர்னோவில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷமாகியும் எங்களுக்குள் வாடா போடாதான். அவன் பொய் சொன்னால் எனக்குத் தெரியாதா? இடுப்பாவது, மண்ணாங்கட்டியாவது. அவனுக்கு என்னோடு ஒரே மேஜையில் உட்காரப் பிடிக்கவில்லை. காரணமும் எனக்குத் தெரியும். எலுமிச்சை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீடுகளில் கெண்டை மீன் பொரிப்போம். அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உட்கார்ந்தபின், எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் மேஜையை விட்டு எழக் கூடாது. முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக எழ வேண்டும். நடுவில் எழுகிறவர் அடுத்த கிறிஸ்துமஸைப் பார்க்க மாட்டார் என்பார்கள். அதனால் வீட்டுக்காரி உப்பு, ரொட்டி, தண்ணீர் என்று சகலத்தையும் முன்கூட்டியே மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். நான் முப்பது கிறிஸ்துமஸ் தவறாமல் வைத்தவள். போன முறை எலுமிச்சையை நறுக்கிச் சமையலறையிலேயே விட்டுவிட்டேன். "எலுமிச்சை எங்கே?" என்று மிலோஷ் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் ரத்கா துள்ளி எழுந்து ஓடினாள். "அடி, உட்காருடி!" என்று கத்தினேன். "இந்தக் காலத்துல போய் இதையெல்லாம் நம்புறியேம்மா" என்று சிரித்துக்கொண்டே கிண்ணத்தோடு வந்தாள். நாங்களும் சிரித்தோம்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பல் மருத்துவரிடம் வேலைக்குப் போனவளுக்குத் தலைக்குள் ஏதோ ரத்தக்குழாய் வெடித்தது. மத்தியானம் அவள் இல்லை. இருபத்து நாலு வயது.

நான் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள், நாலெழுத்து படித்தவள். எலுமிச்சைக்கும் ரத்தக்குழாய்க்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? அந்தக் கிண்ணத்தை நான் மறக்காமல் வைத்திருக்கலாமே. மிலோஷ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை, சண்டையாவது போட்டிருப்போம். அவன் தொட்டியருகே போய் நின்றுகொண்டான்.

எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ரத்கா எழுதிய காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. ஜனவரியில், முதல் சம்பளம் வாங்கிய குஷியில் எழுதியது. குரோவேஷியாக் கடற்கரைக்கு வருஷா வருஷம் போவோம். போய் என்ன? வீட்டிலிருந்து ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பன்றிக்கறியையும் டப்பா உணவையும் காரில் அடுக்கிக்கொண்டு போய், கடலைப் பார்த்தபடி அதையே தின்றுவிட்டுத் திரும்புவோம். அந்த ஊர்க்காரர்கள் எங்களை 'டப்பாக்காரர்கள்' என்று கேலி செய்வார்கள். ரத்காவுக்கு அது மானப் பிரச்சினை.

'செப்டம்பரில் நான் கூட்டிப்போகிறேன். ஒன்று: சாதர் ஊரில் கடல் பாடுவதைக் கேட்க வேண்டும். இரண்டு: கணவாய் மையில் வேகவைத்த கறுப்புச் சோறு. மூன்று: துறைமுகத்தில், வெள்ளைத் துணி விரித்த மேஜையில், மனுஷர்கள் மாதிரி உட்கார்ந்து மீன். பொரித்த கறி கொண்டுவரக் கூடாது. அப்பா, சாப்பாடு நன்றாக இருந்தால் நம் ஊர் மாதிரி ஊஷஸ்னே என்று சொல்லித் தொலைக்காதே. அங்கே அதற்குப் படுமோசம் என்று அர்த்தம்.'

செப்டம்பர் வந்தது. "போலாம்டா" என்றேன். அவன் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தான். "சரி" என்றான். எனக்கு இந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. கடலும் வேண்டாம், கோயிலும் வேண்டாம். அவன் என்னோடு ஒரு மேஜையில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். அதற்குமேல் அவன் என்னைத் திட்டினாலும் சரி, விட்டுப் போனாலும் சரி.

விடியற்காலையில் கிளம்பினோம். கைப்பழக்கம் விடுமா? முந்தின நாளே கறியைப் பொரித்துவிட்டேன். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் தாண்டி, எப்போதும் நிறுத்தும் ஓய்விடத்தில் நிறுத்தி டப்பாவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். ஆளுக்கு இரண்டு என்று ஆறு துண்டு இருந்தது. மிலோஷும் பார்த்தான்.

"பழக்கத்துல வந்துருச்சுடா" என்றேன்.

"அவதான் கொண்டுவரக் கூடாதுன்னு எழுதியிருந்தாளே."

"எழுதினா? வழியில வாங்கித் தின்னா உனக்கு ஒத்துக்குமா?"

அங்கே மரப்பெஞ்சும் மேஜையும் இருந்தன. நான் உட்கார்ந்தேன். அவன் காரில் சாய்ந்து நின்றபடி ஒரு துண்டைத் தின்றான். மீதியை மூடிவைத்தேன்.

சாதர் போய்ச் சேரும்போது சாயங்கால வெயில் கடல்மேல் கிடந்தது. கரையோரக் கற்படிக்கட்டுக்கு அடியில் குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். அலை வந்து மோதும்போது அந்தக் குழாய்கள் ஊதுகின்றன. ஒழுங்கான ராகமெல்லாம் இல்லை. யாரோ பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம், அப்புறம் இன்னொன்று. சனங்கள் படிகளில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். மிலோஷ் தன் பாட்டுக்கு இறங்கிப் போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான். முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஆக, இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது. கல்லில் உட்காரலாம், என் எதிரில்தான் உட்கார முடியாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவனை அப்படியே கடலில் தள்ளிவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் மத்தியானம் கறுப்புச் சோறு. சந்தைக்குப் பின்னால் ஒரு சிறிய கடை. அவன் உள்ளே நுழைந்ததும் நேரே கல்லாப் பக்கம் போய் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டான். நானும் வேறு வழியில்லாமல் பக்கத்தில் நின்றேன். சோறு கரியைக் கரைத்தது மாதிரி இருந்தது. ஆனால் ருசி, அம்மாடி, கடலையே வாயில் போட்டமாதிரி. "எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன். வாயைத் திறந்து காட்டினான். பல், ஈறு, நாக்கு எல்லாம் கறுப்பு. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். மார்ச்சுக்குப் பிறகு அந்தப் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன். உடனே உதட்டை மூடிக்கொண்டான், யாருடைய சாமானையோ திருடிவிட்டவன்போல.

மூன்றாம் நாள் மீன். துறைமுகத்தை ஒட்டிய உணவகம், வெள்ளைத் துணி, ரத்கா எழுதியபடியே. வாசலில் மிலோஷ் தயங்கினான்.

"நீ சாப்பிடு தாஷா. நான் அப்படியே நடந்துட்டு வரேன்."

"நடந்துட்டு வரியா? எண்ணூறு கிலோமீட்டர் வந்தது நடக்கவா? மூணாவது என்ன எழுதியிருந்தா? மனுஷங்க மாதிரி உட்கார்ந்துன்னு எழுதியிருந்தா. எனக்காக வேணாம். அவளுக்காக உட்காரு."

பல் பிடுங்க வந்தவனைப்போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். பரிமாற வந்தவர் பெயர் அன்தே. மலைப்பக்கத்து ஊரிலிருந்து அந்த வருஷம்தான் வேலைக்கு வந்தாராம். ஒராதா மீன் இரண்டை முழுசாகச் சுட்டுக் கொண்டுவந்து வைத்தார். கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து மசித்தது ஒரு பக்கம். மிலோஷ் முள்கரண்டியைக் கையில் எடுத்தான். ஆறு மாதமாக இதற்குத்தானே காத்திருந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன், தட்டில் எலுமிச்சை இல்லை. அன்தே உள்ளே போய்விட்டார். மூன்றடி தள்ளி ஒரு அலமாரிமேல் நறுக்கிய துண்டுகள் கிண்ணம் நிறைய இருந்தன. இந்த முறையாவது இவன் கேட்பதற்கு முன்னால் வைத்துவிடுவோம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"எழுந்திருக்காதே!"

மிலோஷ் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னடா, எலுமிச்சை எடுத்துட்டு வரேன். தோ, இங்கதான்..."

"வேணாம். உட்காரு. உன் கால்ல வேணாலும் விழறேன் தாஷா, உட்காரு."

உட்கார்ந்தேன். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மணிக்கட்டை விடவில்லை.

"கை வலிக்குதுடா."

"நான்தான் கேட்டேன்" என்றான்.

"எதை?"

"அன்னிக்கு. எலுமிச்சை எங்கேன்னு கேட்டது நான்தானே. வாயை மூடிக்கிட்டுத் தின்னிருந்தா அவ எழுந்திருந்திருக்கவே மாட்டா."

"நீ கேட்டதுல என்னடா இருக்கு? வைக்க மறந்தவ நான். அந்தக் கோவத்துலதானே என்கூட உட்காரவே மாட்டேங்கிற?"

அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"கோவமா? உன்மேலயா? அடிப் பாவி." குரல் உடைந்தது. "நீ ஒரு இடத்துல உட்கார்ந்திருக்கியா? உப்புக்கு எழுந்திருப்பே. ரொட்டிக்கு எழுந்திருப்பே. போன் அடிச்சா எழுந்திருப்பே. நீ எழுந்திருக்கிறப்பல்லாம் எனக்கு இங்க அடைச்சுக்குது. அவ போயிட்டா. நீயும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? நான் நின்னா, அது சேர்ந்து சாப்பிடறதுன்னு ஆகாதே. சாமிக்கோ எவனுக்கோ, கணக்குல வராதே. நீ எத்தனை தடவை வேணா எழுந்துக்கலாமே."

ஆறு மாதம். ஆறு மாதமாக இந்த மடையன் என்னைக் காப்பாற்றுவதற்காகத் தொட்டியருகே நின்று தின்றிருக்கிறான். நான் அவன் முதுகைப் பார்த்துப் பார்த்து அவனைச் சபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். தட்டு இடிபட்டு வெள்ளைத் துணியெல்லாம் எண்ணெயாகிவிட்டது. அவனும் அழுதான்.

"சாப்பிடு" என்றேன், கடைசியில். "நான் எங்கேயும் எழுந்திருக்கலை. சாப்பிடு."

எலுமிச்சை இல்லாமலே சாப்பிட்டோம். மெதுவாக, நடுமுள் மட்டும் மிஞ்சும்வரை, ஆறிப்போன கீரையையும் வழித்து. சாப்பிட்டு முடித்த பிறகும் அவன் எழவில்லை. அவன் எழாததால் நானும் எழவில்லை. மற்ற மேஜைகளில் துணியை உருவ ஆரம்பித்துவிட்டார்கள்.

"மிலோஷ்."

"ம்."

"எனக்கு ஒண்ணுக்கு முட்டுது."

"இன்னும் கொஞ்சம் பொறு."

"எவ்வளவுடா பொறுக்கிறது? அரைமணி நேரமா அடக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். இரண்டு கையையும் மேஜைக்கு மேலே நீட்டினான். பிடித்துக்கொண்டேன். "சேர்ந்து" என்றான். ஒரே நேரத்தில் எழுந்தோம். என் நாற்காலி பின்னால் சாய்ந்து தடாலென்று விழுந்தது. சத்தம் கேட்டு அன்தே ஓடிவந்தார்.

"மீன் எப்படி இருந்தது?" என்று கவலையோடு கேட்டார்.

கண்ணீர் வழிய மிலோஷ் சொன்னான்: "ஊஷஸ்னே."

அந்த மனிதரின் முகம் செத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தட்டுகளை அவசரமாக எடுத்தார். அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ரத்காவின் காகிதம் ஞாபகம் வந்தது. கழிப்பறைக்கு ஓடினேன்.

வெளியே வந்தபோது மிலோஷ் படகு கட்டும் கல்லில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் கடலைப் பார்த்தபடியே இருந்தான்.

"அன்னிக்கு அவ எழுந்தப்ப நாம ரெண்டு பேரும் உட்கார்ந்தே இருந்துட்டோம் தாஷா. அவ மட்டும் தனியா எழுந்தா. நாமளும் அவகூடச் சேர்ந்து எழுந்திருந்தா?"

நான் இதையெல்லாம் நம்பாதவள். அவனிடம் அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

"எழுந்திருந்திருக்கணும்டா" என்றேன்.