மூன்று மாடிக்கு வந்த குளிர்

மலேரியா அறவே ஒழிந்துவிட்டதாக விழா எடுத்த மூன்றாம் நாள், பிற்பகல் இரண்டு மணிக்கு, சுகாதார அலுவலகக் கட்டிடத்துக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஜன்னல்கள் கிடுகிடுத்தன, கோப்புகள் அலமாரியிலிருந்து குதித்தன. நான்கு மணிக்குக் காய்ச்சல் விட்டு, மூன்று மாடியும் வியர்த்து, படிக்கட்டு வழியே வடிந்தது. மறுநாள் கட்டிடம் சும்மா இருந்தது. பொறியாளர் வந்து அஸ்திவாரத்தைத் தட்டிப் பார்த்தார், இது தன் துறை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு மறுநாள், அதே இரண்டு மணிக்கு மறுபடி ஆடத் தொடங்கியபோது, லேப் அக்கா அதிகாரியின் அறையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆற்றுக்கு அப்பால், காட்டு மருந்தகத்தில் பத்தொன்பது வருடமாக மைக்ராஸ்கோப்பில் ரத்தம் பார்க்கிறவள் அவள். காய்ச்சல்காரர்களின் ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டுகளை மாதக் கடைசியில் படகில் இந்த அலுவலகத்துக்கு அனுப்புவாள். மழை விடாத அந்த வருடம், படகு ஒவ்வொரு தடவையும் பிந்தியது. போன மாதக் கணக்கை முடித்தாயிற்று என்று அதில் சேர்க்க மாட்டார்கள். ரத்தம் போன மாதத்தது என்று இந்த மாதத்திலும் சேர்க்க மாட்டார்கள். மாதக் கணக்கில் விழுந்த நான்காவது பூஜ்யத்தில் மாத்திரையை நிறுத்தினார்கள். பன்னிரண்டாவதில் விழா எடுத்து மாலை போட்டுக்கொண்டார்கள். இடையில் காட்டில் பதினோரு பேரைப் புதைத்தாயிற்று. இப்போது அவளுடைய தங்கை மகள் மூன்று போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தாள்.

"பொண்ணு சாகக் கிடக்குறா சார். மாத்திரை குடுங்க."

"நோயே இல்லையேம்மா," என்றார் அதிகாரி, நாற்காலியோடு சேர்ந்து ஆடிக்கொண்டே. "இல்லாத நோய்க்கு எங்கேர்ந்து மாத்திரை குடுப்பேன்?"

"அப்ப நீங்க எதுக்கு சார் ஆடுறீங்க?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பையிலிருந்து ஊசியை எடுத்து, அவர் தலைக்குப் பின்னாலிருந்த சுவரில் ஒரே குத்து. ரத்தம் துளிர்த்தது. அதைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி, கீழ்த்தளத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். மோதிரம் மோதிரமாகக் கிருமி. படகு ஏற வேண்டாத ரத்தம் என்பதால் அன்றைக்கே பதிவேட்டில் ஏறியது. அந்த வருடத்தின் முதல் நோயாளி, கட்டிடம்.

பதினோரு பிணத்துக்கு அசையாத காகிதம் ஒரு சுவருக்குப் பறந்தது. "என் ஆபீஸ்யா! இன்னைக்கே லாரி வரணும்!" என்று அதிகாரி தொலைபேசியில் அலறினார். எடைக்குத் தக்கபடிதான் மாத்திரை என்பது விதி. அதே பொறியாளரை அழைத்து எடை கணக்குப் போடச் சொன்னார்கள். நாலாயிரம் டன். மூன்று லாரி நிறைய வந்து இறங்கியது. நோயாளிக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பு என்னுடையது என்று லேப் அக்கா கையெழுத்துப் போட்டாள். முதல் மாத்திரை அட்டையைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள், மீதியைப் படகில் ஏற்றினாள். நான்காம் நாள் தங்கை மகள் எழுந்து உட்கார்ந்து, பசிக்குது பெரியம்மா என்றாள். சுவருக்கு ஒரு மாத்திரைகூடப் போகவில்லை.

ஆறு வருடம் ஆகிறது. லாரி மாதம் தவறுவதில்லை. "கட்டிடத்துக்கு எப்பக்கா சரியாகும்?" என்று கேட்ட குமாஸ்தாவிடம், "இருக்கட்டும்டா. அது ஆடுற வரைக்கும்தான் உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கும்" என்றாள்.

ஒன்றுவிட்டு ஒருநாள், இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், பியூன் மேசை மேசையாகப் போய்த் தேநீர் டம்ளர்களை எடுத்துத் தரையில் வைக்கிறார். குடித்து முடிக்காதவர்கள் கையில் பிடித்துக்கொள்கிறார்கள்.